கால் ஆற ஒரு ஸ்டூல்

கொச்சியில் பிராட்வே என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு அகலமான வழி என்று பொருள். ஆனால் தெரு குறுகலானது. இரண்டு பக்கமும் கடைகள். துணிக்கடை, பாத்திரக் கடை, குடைக் கடை, பொம்மைக் கடை, மசாலாக் கடை என்று எல்லாம் உண்டு. ஓணத்துக்கும் ரம்ஜானுக்கும் அங்கே கூட்டம் நெரியும். கிறிஸ்துமஸ் வந்தால் கடை வாசலெல்லாம் காகித நட்சத்திரம் தொங்கும்.

பிராட்வே இருப்பது எர்ணாகுளம் பகுதியில். காயலுக்கு அந்தப் பக்கம் மட்டாஞ்சேரி. 1967ஆம் ஆண்டில் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆயின. மட்டாஞ்சேரிப் பக்கத்தில் தமிழ் பேசும் குடும்பங்களும் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. படகிலோ பேருந்திலோ எர்ணாகுளம் வந்து வேலை செய்து திரும்புவோர் அங்கே நிறைய.

அப்படி ஒரு பெண்ணை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது பத்தொன்பது. துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. காலை பத்து மணிக்குக் கடைக்குள் வருகிறாள். இரவு எட்டு மணிக்கு வெளியே போகிறாள். நடுவில் சாப்பிட மட்டும் சிறிது நேரம். மற்ற நேரம் முழுவதும் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் வந்தாலும் நிற்க வேண்டும். வராவிட்டாலும் நிற்க வேண்டும்.

நான்காம் நாள் மாலை அவள் பக்கத்தில் நிற்கும் மூத்த பெண்ணிடம் மெல்லக் கேட்கிறாள்.

“அக்கா, கால் ரொம்பக் கடுக்குது. கொஞ்சம் உட்காரலாமா?”

“உட்கார எங்கடி இடம் இருக்கு? முதலாளி பார்த்தால் அவ்வளவுதான். அந்த அலமாரிப் பக்கம் போய் ஒரு காலை மடக்கிச் சாய்ஞ்சுக்கோ. யாராவது வந்தால் நான் சொல்றேன்.”

“உங்களுக்கு வலிக்காதா அக்கா?”

“எனக்கு வருஷம் பன்னிரண்டு ஆச்சு. ராத்திரி வெந்நீரில் காலை வச்சுக்கிட்டு உட்காருவேன். அதோட சரி.”

இது கற்பனைப் பேச்சுதான். ஆனால் பிராட்வேயிலும், சென்னை ரங்கநாதன் தெருவிலும், மதுரை மாசி வீதிகளிலும் இதே பேச்சைப் பல்லாயிரம் பெண்கள் பேசியிருப்பார்கள். ஆண்களும் பேசியிருப்பார்கள். ரங்கநாதன் தெருக் கடைப் பணியாளர்களின் வாழ்க்கையை 2010ஆம் ஆண்டில் வந்த ‘அங்காடித் தெரு’ என்ற திரைப்படம் காட்டியது. வசந்தபாலன் இயக்கிய படம் அது. பலர் பார்த்திருப்பீர்கள்.

நின்றால் என்ன ஆகும்?

வயலில் நடவு நடுகிறவர் குனிந்து நிற்கிறார். சுமை தூக்குகிறவர் நடக்கிறார். கடையில் நிற்பதில் அப்படி என்ன கஷ்டம் என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். பதிலும் இருக்கிறது.

நம் இதயம் இரத்தத்தைக் கால் வரை அனுப்புகிறது. கீழே போன இரத்தம் மறுபடி மேலே வர வேண்டும். கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே வருமா? இறைக்க வேண்டும் அல்லவா? காலிலிருந்து இரத்தத்தை இறைத்துத் தருவது கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது அந்தத் தசை இறுகித் தளர்கிறது. அப்போது இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. தள்ளிய இரத்தம் கீழே இறங்கிவிடாமல் இருக்க இரத்தக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு.

நடக்கிறவருக்கு இந்த இறைப்பு நடந்துகொண்டே இருக்கும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்பவருக்கு அது நடப்பதில்லை. இரத்தம் காலிலேயே தேங்குகிறது. மாலையில் கணுக்கால் வீங்குகிறது. செருப்பு இறுக்குகிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் அந்தக் கதவுகள் பழுதாகலாம். அப்போது இரத்தக் குழாய் புடைத்து, நீல நிறத்தில் வளைந்து வளைந்து தெரியும். இதை மக்கள் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்கிறார்கள். உண்மையில் அது நரம்பு இல்லை. இரத்தக் குழாய்தான். முற்றினால் புண் ஆகும். ஆறுவதற்கு நாள் பிடிக்கும்.

இடுப்பு வலியும் முதுகு வலியும் இதோடு சேர்ந்துகொள்ளும். கர்ப்பிணிக்கும் மாதவிலக்கு நாளில் உள்ளவருக்கும் சொல்லவே வேண்டாம்.

நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பதும் நல்லதில்லை. தையல்காரரைக் கேட்டால் கழுத்து வலி, முதுகு வலி என்று அவர் வேறு கதை சொல்வார். உடம்புக்கு வேண்டியது மாற்றம். கொஞ்சம் நிற்க வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டும், கொஞ்சம் உட்கார வேண்டும். அதற்கு ஆகும் செலவு எவ்வளவு? ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் விலை. கடையில் விற்கும் ஒரு சேலையின் விலையை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

முன்பு எல்லாரும் உட்கார்ந்தார்கள்

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஜவுளிக் கடைகளைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். தரையில் மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். கடைக்காரர் அதன் மேல் உட்கார்ந்திருப்பார். வாங்க வந்தவரும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்காருவார். சேலை நடுவில் விரியும். விலை பேசுவார்கள். குடிக்கத் தண்ணீர் வரும். விற்பவர், வாங்குபவர் இருவருமே உட்கார்ந்துதான் வியாபாரம் நடந்தது. சில பட்டுக் கடைகளில் இன்றும் இப்படி உண்டு.

பிறகு கண்ணாடி மேசையும் உயர்ந்த அலமாரியும் வந்தன. கடை பெரிதாயிற்று. மேசைக்கு இந்தப் பக்கம் வாடிக்கையாளருக்கு நாற்காலி வந்தது. அந்தப் பக்கம் பணியாளருக்கு எதுவும் வரவில்லை. ‘நின்றுகொண்டிருந்தால்தான் மரியாதை, சுறுசுறுப்பு’ என்ற எண்ணம் எப்படியோ ஊன்றிவிட்டது. உட்கார்ந்தே விற்ற தாத்தாவின் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்திலும் கடைப் பெண்கள் நாள் முழுவதும் நின்றார்கள். அங்கே 1899ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். மூன்று பெண் பணியாளருக்கு ஓர் இருக்கை கட்டாயம் என்றது அந்தச் சட்டம். மூன்று பேருக்கு ஒன்றுதான். அதற்கே ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலைத் தொழிலாளரைப் பற்றி யோசித்தது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்ய வேண்டும் என்று அதன் 44ஆம் பிரிவு சொன்னது. ஆனால் கடை தொழிற்சாலை ஆகாதே. கடையில் நின்றவர்களுக்கு அந்தப் பிரிவு உதவவில்லை.

கோழிக்கோட்டில் எழுந்த குரல்

பிராட்வேயில் நின்றவர்களுக்காக முதலில் உரக்கப் பேசியவர்கள் பிராட்வேயில் இல்லை. அவர்கள் வடக்கே, கோழிக்கோட்டில் இருந்தார்கள்.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்பது பெயர் பெற்ற கடைத்தெரு. எஸ்.எம். தெரு என்றும் சொல்வார்கள். அங்கே தையல் வேலை செய்தவர் பி. விஜி. கடைகளில் வேலை செய்யும் பெண்களின் துன்பத்தை அவர் தினமும் பார்த்தார். பல கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை. அதனால் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கி வைத்தால் நோய் வரும். சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல். கழிப்பறை இல்லாத கடை இவ்வளவையும் சேர்த்துத்தான் தந்தது.

விஜியும் மற்றப் பெண்களும் கூடிப் பேசினார்கள். ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பு உருவானது. அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. சம்பளத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். கழிப்பறை வேண்டும் என்று தெருவில் நின்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். அதைச் சொன்னார்கள்.

அடுத்துக் கேட்டது, உட்காரும் உரிமை. மலையாளத்தில் இதை ‘இரிக்கல் சமரம்’ என்றார்கள். உட்காரும் போராட்டம் என்று பொருள். 2014ஆம் ஆண்டின் முடிவில் திருச்சூரில் ஒரு பெரிய துணிக்கடையின் முன்னால் சில பெண்கள் போராட்டம் தொடங்கினார்கள். அது நூறு நாளுக்கு மேல் நடந்தது. கடைக்குள் உட்கார இடம் கேட்ட பெண்கள், கடைக்கு வெளியே நூறு நாள் உட்கார்ந்தார்கள்.

பலர் சிரித்தார்கள். ஸ்டூலுக்கு ஒரு போராட்டமா என்றார்கள். சின்ன விஷயம் என்றால் கேட்டவுடன் கொடுத்திருக்கலாமே! கொடுக்கவில்லை. அதிலிருந்தே அது சின்ன விஷயம் இல்லை என்று தெரிந்தது.

2018ஆம் ஆண்டில் கேரள அரசு, கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கடையில் வேலை செய்யும் எல்லாருக்கும் உட்கார வசதி தர வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்காரலாம் என்று சட்டம் சொன்னது. பெண்கள் கேட்டார்கள். ஆண்களுக்கும் சேர்த்தே கிடைத்தது. அதே ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் மூன்று ஆண்டு கழித்து வந்தது. 2021 செப்டம்பரில், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்பதே அந்தப் பிரிவு.

ஸ்டூல் வந்தது, உட்கார்ந்தார்களா?

மறுபடி அந்தத் துணிக்கடைக்குள் போவோம். சட்டம் வந்துவிட்டது. முதலாளி நான்கு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டார். இனிக் கவலை இல்லை அல்லவா?

கவலை இருக்கிறது. ஸ்டூல் மேசைக்கு அடியில் இருக்கிறது. அதன் மேல் துணிக் கட்டு அடுக்கியிருக்கிறது. மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. முந்தாநாள் ஒரு பெண் உட்கார்ந்தாள். மேற்பார்வையாளர் வந்து, “என்ன, வீட்டுத் திண்ணைன்னு நினைப்பா?” என்று கேட்டார். அதன் பிறகு யாரும் உட்காரவில்லை. அதிகாரி வந்து பார்த்தால் ஸ்டூல் இருக்கிறது. சட்டப்படி எல்லாம் சரி. கால் மட்டும் வலிக்கிறது.

இப்படியும் கடைகள் உண்டு. வேறு மாதிரியும் உண்டு. சில கடைகளில் காலையில் கடை திறந்ததும் முதலாளியே சொல்லிவிடுகிறார்: “ஆள் இல்லாதப்ப உட்காருங்க. ஆள் வந்தா எழுந்தா போதும்.” இந்த ஒரு வரிக்குக் காசு செலவில்லை. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் நான்கு ஸ்டூலும் வீண். முதலாளி வாய் திறந்து, எல்லார் முன்னாலும், மேற்பார்வையாளர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். ஸ்டூலை வாங்குவதை விட இதுதான் பெரிய வேலை.

முதலாளிகள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பிராட்வேயில் பல கடைகள் மிகச் சிறியவை. நான்கு பேர் உள்ளே வந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். அங்கே ஸ்டூலை எங்கே போடுவது? மடக்கு ஸ்டூல் இருக்கிறது. சுவரோடு மடங்கும் பலகை இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒன்று வைத்து அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் வழி இல்லை என்றால் நிற்கும் இடத்தில் கனமான ரப்பர் விரிப்புப் போடலாம். வெறும் தரையை விட அது காலுக்கு இதம். ஒரு காலைத் தூக்கி வைத்து மாற்றிக்கொள்ளக் கீழே ஒரு மரக்கட்டை போதும். இவை உட்காருவதற்கு ஈடாகாது. ஆனாலும் உதவும்.

‘உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார்’ என்பது இன்னொரு பயம். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். நாமும் கடைக்குப் போகிறோமே! நம்மைப் பார்த்ததும் ஒரு பெண் அலறியடித்து எழுந்தால், “பரவாயில்லை அக்கா, உட்கார்ந்தே காட்டுங்க” என்று சொல்லலாம். கொச்சியில் என்றால் ‘சேச்சி’ என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். முப்பது சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகும் நாளில் இரண்டு சேலையையாவது நாமே மடித்துக் கொடுக்கலாம். சரியாக மடிக்க வராது. பரவாயில்லை.

வேறு சில சின்ன உதவிகளும் உண்டு. மண்பானையிலோ கேனிலோ நல்ல தண்ணீர், கதவு பூட்டும் கழிப்பறை, மாலையில் ஒரு டீ, சாப்பாட்டை வைக்க ஓர் அலமாரி. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நிமிடம் போன் பேச விடுவது. ‘ஏய்’ என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. தவறு நடந்தால் வாடிக்கையாளர் முன்னால் திட்டாமல் தனியே சொல்வது. திருவிழாக் கூட்டத்தில் கூடுதல் நேரம் வேலை இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுவது. கடைசிப் படகையோ கடைசிப் பேருந்தையோ பிடிக்க வேண்டியவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அவரைக் கேட்டால் தெரியும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உதவிகள் சம்பளத்துக்கு மாற்று ஆகாது. பண்டிகைக்கு இனிப்புப் பெட்டி கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு அரை நாள் கூலியைப் பிடிக்கும் கடைகளும் இருக்கின்றன. அந்த இனிப்பு இனிக்காது. ஸ்டூலும் அப்படித்தான். அது முதலாளி போடும் பிச்சை இல்லை. பணியாளருக்குச் சட்டம் தந்த உரிமை. அன்போடு கொடுத்தால் இன்னும் நல்லது.

எழுதிக் கேட்பது எப்படி?

வாயால் கேட்டால் சில நேரம் காற்றோடு போய்விடும். எழுதிக் கேட்டால் நிற்கும். ஒருவர் தனியாகக் கேட்பதை விட எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது பாதுகாப்பு. கீழே ஒரு மாதிரிக் கடிதம் இருக்கிறது. குரல் விட்டுப் படியுங்கள்.

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் உங்கள் கடையில் சேலைப் பகுதியில் வேலை செய்கிறோம். காலை முதல் இரவு வரை நின்று விற்பனை செய்கிறோம். மாலையில் கால் வீங்குகிறது. இடுப்பு வலிக்கிறது.

வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார எங்கள் எல்லாருக்கும் வசதி செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம். இதற்குச் சட்டத்திலும் இடம் உண்டு. வாடிக்கையாளர் வந்தால் வழக்கம் போல நன்றாகக் கவனிப்போம். நாங்கள் உட்கார அனுமதி உண்டு என்பதை மேற்பார்வையாளரிடமும் நீங்களே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
சேலைப் பகுதிப் பணியாளர்கள்
(எல்லாருடைய கையொப்பமும் தேதியும்)

கடிதத்தை இரண்டு படி எழுதுங்கள். ஒன்றைக் கொடுங்கள். மற்றொன்றைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பல நாள் ஆகியும் பதில் இல்லை என்றால் அந்தப் படியை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். தொழிற்சங்கம் இருந்தால் சங்கத்தாரையும் அழைத்துக்கொள்ளலாம்.

இப்போது நோட்டை எடுங்கள். உங்கள் வேலையிடத்தில் எது இல்லை? தண்ணீரா, நிழலா, கழிப்பறையா, உட்கார இடமா? ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதைக் கேட்டு, யாரிடம் கேட்க வேண்டுமோ அவருக்கு, ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்டுங்கள்.